ஜெபப் பெட்டி

ஜெபப் பெட்டியில் விழுந்த சீட்டுகளைச் செயலாளர் படிக்கப் படிக்க, போதகர் ஒவ்வொன்றுக்காகவும் கண்ணை மூடி ஜெபித்தார்.

முன்வரிசைச் சிறுமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளே எத்தனையோ நாள் முட்டிபோட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஆண்டவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போதகர் கேட்டால் மட்டும் தட்ட மாட்டாராம்.

"அடுத்தது..." செயலாளர் தயங்கினார். "'எங்க அப்பா எங்க அம்மாவை பெல்ட்டால அடிக்கிறாரு. இனிமே அடிக்கக் கூடாது.' பேர் போடலங்க ஐயா."

சபை உச்சுக்கொட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா சிறுமியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எந்த வீட்டுப் பிள்ளையோ, பாவம்," போதகரின் குரல் தழுதழுத்தது. "பயப்படாம எழுந்து நில்லு. உனக்காக இந்தச் சபையே ஜெபிக்கும்."

"வேண்டாம்டி," என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

சிறுமி கையை உருவிக்கொண்டு எழுந்தாள். செயலாளரின் கையிலிருந்த சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. போதகர் திறந்த வாயை மூடவில்லை.

அவள் அவரையே நம்பிக்கையோடு பார்த்தாள்.

"நீங்க ஜெபிச்சா ஆண்டவர் கண்டிப்பா கேப்பாருன்னு சொல்வீங்கல்ல? அதான் பெட்டியில போட்டேன், அப்பா."