எதிர்வீட்டுக் கடலை

ஆறு வயதுப் பெண்ணைத் துடைப்பத்தைக் காட்டி விரட்டுகிறவளை என்னவென்று சொல்வது? நாகலாபுரத்தில் அந்தத் தெருவே வெங்கடம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் சொன்னது.

எதிர்வீட்டு சுமித்ரா செய்த தப்பெல்லாம், வெங்கடம்மா வாசலில் காயப்போட்டிருந்த வேர்க்கடலைப் பக்கம் உருண்ட பந்தை எடுக்கப் போனதுதான்.

"இந்தப் பக்கம் காலு வெச்சே, முட்டியப் பேத்துடுவேன்."

சுமித்ராவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு வாயில் போனாலும் உதடு வீங்கி மூச்சு முட்டிவிடும். போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் பிழைத்ததே பெரிய விஷயம். ஊர் முழுக்கக் கடலை விளைகிற இடத்தில் பிறந்துவிட்டு இப்படி ஒரு கோளாறு, பாவம்.

அவள் அப்பா சம்பத் நேரில் போய், கடலையை வேறெங்காவது காயப்போடக் கூடாதா அக்கா என்று கெஞ்சிப் பார்த்தான்.

"வேற எங்கடா கொட்றது, உன் தலையிலயா? உன் பொண்ண நீ பாத்துக்கோ."

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். புதிதாக அனுமதி கிடைத்த மருந்து. ஊசிகூட இல்லை, மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. கையில் ஒன்று இருந்தால், அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் கிடைக்கும்.

மெடிக்கல் ஷாப் ஹரிபாபு சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஸ்டாக் லேது. ஆர்டர் போட்டா மெட்ராஸ்லேர்ந்து வரும். வந்தப்புறம் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. போடட்டா?"

விலையைக் கேட்டதும் சம்பத்துக்கே மூச்சு முட்டியது. கம்பெனி இன்சூரன்ஸில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

வரதய்யபாளையம் பக்கம் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் மெயில் போடச் சொன்னார்கள். இன்சூரன்ஸ்காரர்கள், அந்த மருந்து லிஸ்டிலேயே இல்லை என்றார்கள். டாக்டர் லெட்டர் அனுப்பியதும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஃபோன் செய்தால் பாட்டு போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பாஸ் ஆகுமாம்.

"மூச்சு நிக்கக் கூடாதுன்னுதாம்மா மருந்து கேக்கறேன். நின்னப்புறம் பாஸ் பண்ணி என்னாத்துக்கு?"

அவள் மறுபடி பாட்டைப் போட்டுவிட்டாள்.

சிக்னல் வாசலில்தான் கிடைக்கும் என்பதால் சம்பத் இந்தக் கூத்தையெல்லாம் வாசலில் நின்றே நடத்தினான். தெருவுக்கே இன்சூரன்ஸ் சட்டம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவன் மனைவி காஞ்சனாவுக்குப் பொறுமை போய்விட்டது. நீ ஃபோன்ல பாட்டு கேட்டுக்கினு நிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு ஏதாவது ஆகிடும், கடனோ உடனோ வாங்கிக்கினு வா என்று விரட்டினாள்.

கடன் வாங்கிக்கொண்டு போனால், ஹரிபாபு கடை அலமாரியில் அதே ஸ்பிரே டப்பா உட்கார்ந்திருந்தது. சம்பத் சந்தோஷமாகக் கையை நீட்டினான்.

"அது வேற ஒருத்தர் ஆர்டர்பா. பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு இப்ப போட்டா இன்னும் நாளாவும்."

சம்பத்துக்கு எரிந்தது. கடலை எடுப்பு நேரத்தில் தன் பெண்ணைவிட அவசரம் யாருக்கு, எந்தப் பணக்காரன் சும்மா வாங்கி வீட்டில் அடுக்குகிறான் என்று கடையே அதிரக் கத்தினான். ஹரிபாபு உள்ளே போய் ஃபோன் பேசிவிட்டு வந்தார்.

"தர மாட்டாங்களாம்."

"மனுசங்களாண்ணா அவங்க? ஒரு கொழந்த உசுரு."

"அதத்தான் அவங்களும் சொல்றாங்க. 'கடலை என் வாசல்ல கெடக்குது, அந்தப் பொண்ணு தொடப்பத்துக்குப் பயப்படற மாதிரியும் தெரியல. மருந்து என் வூட்லயே இருக்கட்டும், அவன் வூட்டுக்கு அவன் ஒண்ணு வாங்கி வெச்சிக்கட்டும்'ங்கறாங்க."