மறந்துபோன கார்டு

கணக்காளன் அன்றும் அலுவலகக் கதவைத் தட்டினான். கதவைத் திறக்கும் கார்டு பைக்குள்தான் இருந்தது. ஆனாலும் தினமும் மறந்து வந்ததுபோல நிற்பான். வரவேற்பு மேசைப் பெண் எழுந்து வந்து, தன் கார்டைப் பூட்டில் காட்டித் திறந்துவிடுவாள். அவளோடு பேசக் கிடைப்பது அந்த அரை நிமிடம்தான்.

“இன்னைக்கும் மறந்தாச்சா? தலையைக் கழற்ற முடிஞ்சா அதையும் வீட்டுலயே வெச்சிட்டு வருவீங்க!”

“நல்லவேளை, நீங்க இருக்கீங்க.”

“நாளைக்கு நான் வேண்டாம். விரலை வெச்சாலே திறக்குமாம்.”

புதுப் பூட்டோடு ஒருவர் அருகில் நின்றிருந்தார். விரலை எப்படி வீட்டில் மறந்து வைப்பது? இன்றாவது மனதைத் திறந்து சொல்லத் துணிவு கொடு என்று கடவுளை வேண்டிக்கொண்டான்.

“பழசு கெட்டு ஒரு மாசமாச்சு சார். கார்டே வேண்டாம், சும்மா தள்ளினாலே திறக்கும்,” என்றார் பூட்டுக்காரர்.

“அப்படியா! யாருக்குமே தெரியலையே?”

“மேடத்துக்குத் தெரியுமே! புகார் கொடுத்ததே அவங்கதான். மறுநாளே ஃபோன் பண்ணி, ‘அவசரமில்ல, மெதுவா வாங்க’ன்னும் சொன்னாங்க.”

கணக்காளன் திரும்பிப் பார்த்தான். அவள் அவசரமாக மேசைக்குப் போய், மணியே அடிக்காத தொலைபேசியை எடுத்து “ஹலோ” சொல்லிக்கொண்டிருந்தாள்.