முப்பத்தேழு இலக்கப் பகா எண்

"யாரைக் கேட்டு அழிச்சே?"

கணக்குப் பேராசிரியர் போட்ட சத்தத்தில், பிரின்சிபால் அம்மாவே அறையை விட்டு ஓடி வந்துவிட்டார்.

கரும்பலகை காலி. ஓரத்தில் 'அழிக்காதே' என்ற வார்த்தை மட்டும் மிச்சம்.

"மூணு வருஷ உழைப்பு மேடம்! முப்பத்தேழு இலக்கப் பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. பதினோரு மணிக்கு வெளியூர்ப் பெரியவங்க அதைப் பார்க்கத்தான் வர்றாங்க. இவ துணியால ஒரே இழுப்பு, போச்சு!"

"நோட்டுல இருக்குமே சார்?"

"அதையும் காணோம். பழைய பேப்பர்னு தூக்கிப் போட்டிருப்பா!"

கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு சுவரோரம் ஒட்டி நின்றாள்.

"நான் தொடலை மேடம். காலையில சார்தான் முதல்ல வந்து கதவைத் திறந்தார். நான் வர்றப்பவே பலகை காலி."

"ஓகோ, எண்ணுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? உனக்குத் தெரிஞ்ச பெருக்கல் துடைப்பத்தோட சரி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!"

"இன்னையோட நின்னுக்கோம்மா" என்றார் பிரின்சிபால்.

"கைக்குழந்தைக்காரி மேடம். இதை விட்டா எனக்கு வேற நாதியில்லை."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"கூட்டுறவங்க நாங்க எல்லாருமே பூட்டறதுக்கு முன்னாடி பலகையை ஒரு போட்டோ பிடிச்சுக்குவோம் மேடம். எது போனாலும் பழி எங்க தலையிலதானே விடியும்? இது நேத்து சாயங்காலம் எடுத்தது."

பிரின்சிபால் முகம் மலர்ந்தது.

"அட, எண் பத்திரமா இருக்கே! எழுதுங்க சார், நேரமாகுது."

பேராசிரியர் சாக்பீஸைத் தொடவே இல்லை. 

"வேண்டாம் மேடம்... போட்டோவை எல்லாம் நம்பக் கூடாது."

"உங்க கையெழுத்துதானே சார்?"

கூட்டுகிற பெண்தான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நேத்து பஸ்ல போறப்போ அந்த இலக்கத்தையெல்லாம் சும்மா கூட்டிப் பார்த்தேன் மேடம். நூத்தி அறுபத்தஞ்சு வருது. அது மூணால போகும். அப்போ மொத்த எண்ணும் மூணால போகும்தானே? அஞ்சாவதுல சொல்லிக் கொடுத்தாங்க. நான் அதோட நின்னுட்டேன்."

பிரின்சிபால் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"பெரிய பெரிய எண்ணால எல்லாம் வகுத்துப் பார்த்தேன் மேடம்" என்று அவர் முனகினார். "இந்த மூணைத்தான் விட்டுட்டேன். விடியக்காலையிலதான் தெரிஞ்சுது. வந்தவங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு... நானேதான் துடைச்சேன். நோட்டையும் ஒளிச்சு வச்சேன்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கூட்டுகிற பெண்ணிடம் சொன்னார்:

"போட்டோவை அழிச்சிடும்மா. வேலையில இருந்துக்கோ. யாராவது கேட்டா, துடைச்சது நீதான். சார் பெரிய மனசு பண்ணி உன்னை மன்னிச்சுட்டார்."