பதில் சொல்லத் தெரியாத அமைச்சர்

"ஆற்றோர ஊர்ல ஆசிரியர்களுக்குன்னு வீடு கட்டினீங்களே, அதுல இப்போ யார் இருக்காங்க?"

கேட்டவர் எதிர்க்கட்சியின் இளம் பெண் உறுப்பினர். வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டார் என்பதால் அவையில் அவருக்கு 'சரவெடி' என்று பெயர்.

அமைச்சர் எழுந்தார். வீட்டு வசதி, சுகாதாரம், கல்வி மூன்றுக்கும் அந்த அம்மாள்தான் அமைச்சர்.

"நோயாளிகள் இருக்கிறார்கள்."

"ஆசிரியர் வீட்டுல நோயாளிக்கு என்ன வேலை?"

"ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுகிறது. அதனால் ஆஸ்பத்திரியை அங்கே மாற்றியிருக்கிறோம்."

"சரி, ஆசிரியர்கள் எங்கே தங்குறாங்க?"

"பள்ளிக்கூடத்தில்."

"பிள்ளைங்க எங்கே படிக்கிறாங்க?"

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரியில்."

"கூரை ஒழுகுதே, அந்த ஆஸ்பத்திரியிலயா?"

"மழை பெய்யாத நாட்களில்."

"மழை பெய்தா?"

"விடுமுறை."

அவை குலுங்கிச் சிரித்தது. அவைத் தலைவர் மணியை அடித்துக்கொண்டே தானும் சிரித்தார்.

மேலே, அதிகாரிகள் மாடத்தில் அமைச்சரின் உதவியாளர் நெளிந்தார். பதில்களை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். 'நிதி நிலைமையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு இதற்கு முன் நான்கு அமைச்சர்களைக் கரை சேர்த்தவர். இந்த அம்மாள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படிக்கிறாரே!

சரவெடி விடவில்லை.

"மூணு துறைக்கு மூணு அமைச்சர் இருந்தா, ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடலாம். நீங்க ஒருத்தரே மூணுக்கும். யார் மேல பழி போடப் போறீங்க?"

மறுபடி சிரிப்பு. அமைச்சருக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த நிதி அமைச்சர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரே ஒரு கூரை! அதைச் சரி பண்ணினா நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, ஆசிரியர் வீட்டுக்குப் போவாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க. அதை எப்போ செய்வீங்க? தேதி சொல்லுங்க. இல்லேன்னா தெரியலைன்னு சொல்லிட்டு உட்காருங்க!"

உதவியாளர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்து, 'பரிசீலிக்கப்படும், பரிசீலிக்கப்படும்' என்று சத்தமில்லாமல் வாயசைத்தார்.

அமைச்சர் தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார்.

"இந்த மழைக்காலத்துக்கு முன்பே அந்தக் கூரை மாற்றித் தரப்படும் என்று இந்த அவைக்கு உறுதி கூறுகிறேன்."

எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. நிதி அமைச்சரின் தூக்கம் முழுவதும் கலைந்தது. உதவியாளர் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

வெளியே நடைபாதையில் நிதி அமைச்சர் அந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தக் கூரைக்குப் பணம் கிடையாதுன்னு எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன்!"

"மன்னிச்சிடுங்கண்ணே. அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியில தலை சுத்திடுச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அவையில வாக்குக் கொடுத்தா செஞ்சுதான் ஆகணும். அதைக் கண்காணிக்கவே ஒரு குழு இருக்கு. செய்யலேன்னா உங்களுக்கு மட்டுமா அசிங்கம்? மொத்த அரசாங்கத்துக்கும் அசிங்கம்."

"ஆமாண்ணே. இப்போ என்ன செய்யறது?"

"என்னத்தைச் செய்யறது? பணத்தைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதான். நாளைக்கே உத்தரவு போடச் சொல்றேன்." நாலடி நடந்தவர், மாடத்திலிருந்து இறங்கி வந்திருந்த உதவியாளரிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நல்ல அம்மாதான். ஆனா விவரம் பத்தாது. நீயாவது கூட இருந்து பார்த்துக்கக் கூடாதா?"

உதவியாளருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அறைக்குள் வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"மேடம், நான் எழுதின ஒரு வரியைப் படிச்சிருந்தா போதும். யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. இப்போ பாருங்க, கூரையைப் போடறது நாம. பேர் வாங்கறது அந்தப் பொண்ணு! நாளைக்குப் பேப்பர்ல அவ படம் பெரிசா வரும். உங்களைப் பத்தி 'திணறினார்'னு ஒரு வரி வரும்."

"வரட்டுமே. படத்துல அவ நல்லா சிரிச்ச முகமா இருப்பா."

"உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

"பசி வருது. சாப்பிட ஏதாவது இருக்கா பாருங்க."

உதவியாளர் கதவைத் திறந்தார். வாசலில் சரவெடி நின்றிருந்தார்.

உதவியாளர் குறுக்கே கையை நீட்டினார். "இன்னும் என்னம்மா மிச்சம் இருக்கு? அவ்வளவு பேர் முன்னாடி கிழிச்சது போதாதா? வயசுல பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேண்டாம்?"

"உள்ளே விடுங்க," என்றார் அமைச்சர்.

சரவெடி நல்ல பிள்ளையாக உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். அமைச்சருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேள்வியை இன்னைக்கே கொடுத்தாகணும், சீக்கிரம் சொல்லுங்கக்கா. அடுத்த வாரம் எந்த ஊருக்காக உங்களைத் திட்டணும்?"