குடும்பத்தில் வருவது

எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் புளுகுகிறார் என்பது டெஸ்ட் மேடத்துக்கு மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது.

டெஸ்ட் மேடம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வாசிக்க, எழுத, ஒரு இடத்தில் உட்காரத் திணறும் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்து, சிக்கல் எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. பெரியவர்கள் வருவது எப்போதாவதுதான். இன்று ஒருவர் வந்திருந்தார். நடுத்தர வயது, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் பேனா.

"எனக்கு வாசிக்க வராதுங்க மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா போதும், போயிடுவேன்."

"டெஸ்ட் பண்ணாம எப்படிங்க ரிப்போர்ட் குடுக்கறது? இதை வாசிங்க."

ஒரு ஆடு மலைமேல் ஏறிய கதை. சின்னப் பிள்ளைகளுக்கானது.

"ஒரு... டுஆ... லைம... மேல்..."

இத்தனை வருஷத்தில் ஆடு யாருக்கும் டுஆ ஆனதில்லை. போகட்டும் என்று மேடம் காத்திருந்தார். ஆட்டில் தடுக்கி விழுந்த மனிதர், 'ஒற்றையடிப்பாதையின்' என்ற நீளமான சொல்லை அசால்ட்டாகத் தாண்டிப் போனார். போன பிறகுதான் சுதாரித்தார்.

"தைபா..." என்றார், அவசரமாக.

மேடம் முகத்தில் எதையும் காட்டவில்லை. அது தொழில் தர்மம். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது பேருந்தில் ஊருக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கதை.

"காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய பேருந்து இன்னும் சற்று நேரத்தில்..."

பழக்க தோஷம் யாரை விட்டது? மூக்கு லேசாக அடைத்துக்கொண்டது, குரல் நீண்டது, கடைசி வரி வரை சறுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டு மைக்குல பேசறது நீங்கதானே?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க."

"தினம் சாயங்காலம் உங்க குரலைக் கேட்டுத்தான் நான் பஸ் ஏறறேன். வரிசையா ஊர் பேரை ஒரே மூச்சுல வாசிக்கற ஆளுக்கு ஆடு வரலையா?"

மனிதர் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

"பிரமோஷன் பரீட்சையா? கூடுதல் நேரம் கிடைக்கும்னு யாராவது சொல்லி அனுப்பினாங்களா?" மேடத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நிஜமாவே கஷ்டப்படற புள்ளைங்க வெளியில பெஞ்சுல உக்காந்திருக்குதுங்க. அதுங்க வயித்துல அடிக்காதீங்க சார்."

"பிரமோஷனா? மைக்குக்கு மேல எனக்கு என்னங்க மேடம் இருக்கு? ஸ்பீக்கர்தான் இருக்கு."

"அப்போ எதுக்கு இந்த நாடகம்?"

"போன மாசம் என் சம்சாரம் எங்க பொண்ணைக் கூட்டிட்டு வந்தா. ரெட்டை ஜடை. ஓயாம கேள்வி கேப்பா."

மேடத்துக்கு ஞாபகம் வந்தது. கெட்டிக்காரப் பெண். எழுத்துதான் பிடிபடவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னார். 'இது உன் தப்பு இல்லைடா கண்ணு. இதெல்லாம் குடும்பத்துல வர்றது. உங்க வீட்லயும் யாருக்காவது இருக்கும், கேட்டுப் பாரு.'

"நீங்க சொன்னபடியே கேட்டா மேடம். அம்மாவைக் கேட்டா. அத்தைக்கும் மாமாவுக்கும் போன் போட்டுக் கேட்டா. ஒருத்தருக்கும் இல்லை. நான் வேற ஊருக்கே வாசிச்சுக் காட்டற ஆளு. நேத்து சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டு கேக்கறா, 'அப்போ எனக்கு மட்டும் யார்கிட்டேர்ந்துப்பா வந்துச்சு?'ன்னு."

"இவ்வளவுதானா? சில பேருக்குத் தானாவும் வரும்னு சொல்லுங்க. கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

மனிதர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. இருந்தும், ஊரே கேட்கும் அந்தக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ நாங்க பெத்த பொண்ணு இல்லைங்க. கைக்குழந்தையா எடுத்துட்டு வந்தோம். சொல்லணும், சொல்லத்தான் போறோம். ஆனா படிப்பு வரலைன்னு தினம் அழுதுட்டிருக்கற நேரத்துல அதையும் அவ தலையில போட மனசு வரலை. அதுவரைக்கும் 'எங்கிட்டேர்ந்துதான்டா வந்துச்சு'ன்னு காட்ட ஒரு காகிதம் இருந்தா..."

'குடும்பத்துல வர்றது' என்று மேடம் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஆறுதல் என்று நினைத்து எத்தனை பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுத்த வார்த்தை அது!

"பொய் ரிப்போர்ட் நான் எழுத மாட்டேன்," என்றார்.

"சரிங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க." மனிதர் எழுந்தார்.

"உக்காருங்க. வாசிக்கத் திணறற புள்ளைக்கு யாராவது காகிதத்தைக் காட்டுவாங்களா? அவ பக்கத்துல உக்காந்து நீங்க வாசிக்கணும். ஊர் பேரெல்லாம் மனப்பாடம்னு சொல்லிக்குங்க. ஆனா டுஆ, தைபான்னீங்கன்னா அரை நிமிஷத்துல பிடிச்சிடுவா. எப்படித் தடுமாறும்னு உங்களைவிட அவளுக்கு நல்லாத் தெரியும்."

"அப்போ எப்படிங்க?"

"மொதல் எழுத்தைப் பாத்துட்டு மீதியைக் குத்துமதிப்பா சொல்லணும். வரிக்குக் கீழ விரலை வச்சுக்கணும். வச்சும் அடுத்த வரியைக் கோட்டை விடணும்."

மேடம் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஆட்டுக் கதையைத் திரும்ப எடுத்து நடுவில் வைத்தார்.

"ம், மொதல்லேர்ந்து வாசிங்க. இந்தத் தடவையாவது ஒழுங்கா தப்புப் பண்ணுங்க."