வேல்மயிலின் அபிப்பிராயம்

தங்கையைக் கொன்ற அவள் கணவன் ஜாமீனில் வெளியே வந்த அன்றே ஞானதுரை ஒரு நாட்டுத் துப்பாக்கி கேட்டுப் போனான். விலை மலிவாக இருந்தது அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. “சந்தேகமா இருந்தா வேல்மயிலக் கேட்டுக்க, எங்கிட்ட வாங்குனவருதான்” என்றான் விற்பவன்.

வேல்மயில் தனியாக இருந்தார். வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

“நம்பி வாங்கலாமாண்ணே?”

“தோப்புல வச்சு மூணு தடவ சுட்டுப் பாத்தேன். ஒரு தடவகூட வெடிக்கல. தூக்கி பீரோவுல போட்டுட்டேன்.”

“அப்ப ஏமாத்துறானா?”

“எம் பொண்டாட்டியோட ஒருநா சண்ட. இது எங்க வெடிக்கப்போவுதுன்னு நெனச்சு, சும்மா மிரட்டத்தான் எடுத்தேன். அன்னைக்கு வெடிச்சிருச்சு.”

ஞானதுரை மூலையிலிருந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏழு வருசம் உள்ள இருந்தேன். அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான். வருவான்னு கதவத் தெறந்தே வச்சிருக்கேன். இன்னைக்கு ஒன்னயப் பாத்ததும் அவந்தான்னு நெனச்சேன்.”

ஞானதுரை டீயைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.