நாற்பத்தொரு பேருக்கு இடம்

“எங்க தோட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் எடம் குடுங்க பாய்,” என்று கெஞ்சினான் மாயாண்டி. “நாப்பத்தோரு பேரு எடமில்லாம வெளிய நிக்கிறாங்க.”

முகம்மது கௌஸ் சிரித்தார். “ஒங்க தாத்தன் சொத்தாடா? கம்பெனி டிஸ்க்குடா இது!”

மலேசியாவின் ஈப்போவில், ஏழு ரப்பர் தோட்டங்களுக்குத் தலைமை அலுவலகம் அது. 1984இல் அதன் கம்ப்யூட்டர் அறைக்கு தொழிலாளர் விவரங்களைப் பதிந்து வைக்க, அலமாரி உயரத்தில் ஒரு புது டிஸ்க் வந்து இறங்கியிருந்தது. அதைத் தோட்டத்துக்கு ஒன்றாக ஏழு வால்யூம்களாகப் பிரித்து பார்மட் செய்ய வேண்டும். கௌஸ் அந்த அறைக்குத் தலைவர். மாயாண்டி அவருக்குக் கீழே ஆபரேட்டர்.

“ஒங்க தோட்டத்துல வேலைக்கு இருக்கிறது நூத்தி இருவது பேரு. அதுக்கு இந்த அளவு போதும் லா.”

“வேலைய விட்டவங்களையும் ஏத்தணும் பாய். பார்மட் பண்ணிட்டா அப்புறம் அளவ மாத்த முடியாது. மாத்தினா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்.”

அவன் யாருக்காகக் கேட்கிறான் என்று கௌஸுக்குத் தெரியும். மாயாண்டியின் தாய் கருப்பம்மாள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். முப்பது வருடம் பால் வெட்டி, கண் மங்கி, வேலையிலிருந்து நின்றவள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்னமும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான், சிவப்பு ஐசி.

குடிமக்களுக்கான நீல ஐசி வேண்டுமென்றால், இங்கேதான் பிறந்து வளர்ந்தாள் என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள் பதிவு அலுவலகத்தில். கம்பெனியோ கம்ப்யூட்டரில் பெயர் இல்லாதவர்களுக்குக் கடிதம் தருவதில்லை.

“சுசா லா, பெரிய கஷ்டம்டா ஒன்கூட,” என்று தலையில் அடித்துக்கொண்டார் கௌஸ். “ஆயர் தாவார் தோட்டத்துக்கு வச்சதுல கொஞ்சம் கிள்ளித் தர்றேன். மேனேஜர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

ஒரு மாதம், மாயாண்டிக்குச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. கறையான் தின்றது போக மிஞ்சிய பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது ஆள் பேரேடுகளைப் புரட்டி, நாற்பத்தொரு பேரையும் ஏற்றினான். தோட்டத்தில் மூன்று கருப்பம்மாள் உண்டு. வீட்டு நம்பர் சொன்னால்தான் எந்தக் கருப்பம்மாள் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர்கள் இன்னும் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் நம்பரையும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னாள். “முந்தாநாளு நாலு பேரு வந்து லயத்த நாடா புடிச்சு அளந்துட்டுப் போனாங்கய்யா. கூரை மாத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க.”

“மாத்தட்டும்மா. ஒனக்கு ஐசியும் மாறப் போவுது.”

“மாறி என்னய்யா? செவப்பு கார்டு வச்சிருந்தும் நான் கறுப்பாத்தான இருக்கேன்,” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சாவறதுக்குள்ள வந்திருமா?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை மேனேஜர் உடையப்பன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கருப்பம்மாளின் கடிதத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேசையிலிருந்து ஒரு கட்டு உறைகளையும் எடுத்து நீட்டினார். “இதையும் தோட்டத்துக்குக் கொண்டு போயிடுப்பா. ஒன் லிஸ்ட்டுல உள்ள நாப்பத்தோரு பேருக்கும் இருக்கு.”

மாயாண்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கேட்காமலே அத்தனை பேருக்கும் கடிதமா! மேலே இருந்த உறையில் ‘கருப்பம்மாள், வீடு 14’ என்று தட்டச்சு செய்திருந்தது. நின்றபடியே பிரித்தான்.

தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. கம்பெனி வேலையில் இல்லாதவர்கள் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டே வரி.

“சார்… இது…”

“வேலையில்லாம வீட்டப் புடிச்சிக்கிட்டு இருக்கிறது யாருன்னு, வாங்குறவங்க ஆறு மாசமா கேக்குறாங்க. தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி வாயத் தொறக்கவே மாட்டேன்னுட்டான்,” என்ற உடையப்பன் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

“நீ ஏத்தி வைக்கலைன்னா எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”